உறைக்குள் எத்தனை தலைகள்?

அணு ஆயுதங்களைக் கட்டுப்படுத்த அமெரிக்காவும் ரஷ்யாவும் போட்ட புதிய ஸ்டார்ட் ஒப்பந்தம் என்றாலே பேச்சு 1,550 என்ற எண்ணில் போய் நின்றுவிடுகிறது. ஆளுக்கு அதற்கு மேல் வெடிமுனைகளை, அதாவது ஏவுகணையின் தலையில் வைக்கும் அணுகுண்டுகளை, தயார்நிலையில் நிறுத்தக் கூடாது என்றிருந்தது. சரி, எதிராளியின் ஏவுகணை மூக்குக்குள் எத்தனை இருக்கிறது என்று யார் எண்ணுவது? 2010இல் பிராகாவில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருந்தது.

எதிர்த்தரப்பின் இடங்களுக்கே போய்ப் பார்க்க ஒவ்வொரு தரப்புக்கும் ஆண்டுக்கு 18 ஆய்வுகள் இருந்தன. அதில் 10, ஏவுகணை, நீர்மூழ்கி, குண்டுவீச்சு விமானத் தளங்களில். மீதி 8, கிடங்கு போன்ற இடங்களில். ஆய்வுக் குழுவில் அதிகபட்சம் 10 பேர். வரப்போவதைக் குறைந்தது 32 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டியிருந்தது. ஆனால் எந்தத் தளம் என்பதை வந்து இறங்கிய பிறகு சொன்னால் போதும். சொன்னதும் அங்கே எதையும் நகர்த்தத் தடை விழும்.

தளத்துக்குப் போனதும் பட்டியல் கைக்கு வரும்: எந்த ஏவுகணையில் எத்தனை வெடிமுனை என்று. குழு அதிலிருந்து ஒன்றைச் சுட்டிக்காட்டும். அதன் மூக்கு மூடியைக் கழற்றிக் காட்டுவார்கள், ஆனால் வெடிமுனைகள் உறை போட்டே இருக்கும். வடிவமைப்பு ரகசியம் வெளியே போகக் கூடாது, எண்ணிக்கை மட்டும் தெரிய வேண்டும். உறை எண்ணுவதைக் குழப்பக் கூடாது என்பதும் விதியாக இருந்தது. ஒரு பொருளைக் காட்டி ‘இது அணு ஆயுதமல்ல’ என்றால், அணுப்பொருளிலிருந்து வெளிவரும் நியூட்ரான் கதிர்வீச்சை அளக்கும் கருவியால் சோதிக்க முடிந்தது. முதலில் அந்த இடத்தின் இயல்பான கதிர்வீச்சை அளப்பார்கள், பிறகு பொருளின் கதிர்வீச்சை. எட்டிப் பார்ப்பதற்கும் கண்ணை மூடிக்கொள்வதற்கும் நடுவில் போட்ட கோடு இது. என் கணக்கில் ஒப்பந்தத்தின் கெட்டிக்காரத்தனமே இங்கேதான்.

இதற்கு முன் 1991இல் போட்ட ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு ஏவுகணை வகைக்கும் ஒரு நிலையான எண்ணை ஒதுக்கிக் கணக்கிட்டார்கள். புதியதில் உண்மையாக ஏற்றியிருப்பதே கணக்கு. குண்டுவீச்சு விமானம் மட்டும் விதிவிலக்கு. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் இருபது க்ரூஸ் ஏவுகணைகள் வரை சுமக்கும், ஏட்டில் அதற்கு ஒன்றுதான். கிடங்கில் கிடக்கும் வெடிமுனைகளும் குறுகிய தூர அணு ஆயுதங்களும் கணக்கிலேயே இருக்கவில்லை.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்தும் வந்தது. நீர்மூழ்கியிலிருந்து ஏவும் ட்ரைடென்ட் ஏவுகணைகளின் 56 ஏவு குழல்களையும் 41 பி-52 விமானங்களையும் மாற்றியமைத்துக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதாக அமெரிக்கா சொன்னது. அவை இனி பயன்படாது என்பதைத் தன்னால் உறுதிசெய்ய முடியவில்லை என்றது ரஷ்யா.

2020 மார்ச்சில் கொரோனாவால் ஆய்வுகள் நின்றன. அதுவரை நடந்தவை 328. மீண்டும் தொடங்கும் பேச்சு, உக்ரைன் போருக்குப் பிறகு விசா, விமானப் பாதைத் தகராறில் சிக்கியது. 2023 பிப்ரவரியில் ரஷ்யா ஒப்பந்தத்தில் தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவும் தன் ஏவுகணைகளின் இருப்பிடத் தகவல்களைத் தருவதை நிறுத்தியது. 2026 பிப்ரவரி 5இல் ஒப்பந்தம் காலாவதியானது. ஒரே நீட்டிப்புக்குத்தான் இடமிருந்தது, அதை 2021இலேயே பயன்படுத்திவிட்டார்கள்.

செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. நிலத்தடி ஏவுகுழிகளை அது எண்ணும், துறைமுகத்தில் நிற்கும் நீர்மூழ்கியையும் எண்ணும். ஒரு மூக்குக்குள் இருப்பது ஒன்றா மூன்றா என்று மேலிருந்து சொல்ல முடியாது.