வராத ஷாட்டை யார் கணக்குல எழுதுறது?

டொரொன்டோல ராத்திரி 7 மணிக்கு ஆரம்பிக்கிற மேட்ச் குளிர்காலத்துல சிங்கப்பூர்ல நமக்கு காலைல 8 மணி, அதனால பாய லேபார் ஆபீஸ்ல எங்க டீமுக்கு வேலையே ஐஸ் ஹாக்கி பாக்குறதுதான்னு பக்கத்து டீமுக்கெல்லாம் ஒரு பொறாமை. நெசத்துல மேட்ச் கொஞ்சம், எக்செல்லோட மல்லுக்கட்டுறதுதான் நெறைய.

கோல் போடுறவன எடை போடுறது சுலபம். ஒரு சென்டர், அதாவது நடுவுல ஆடுற ஃபார்வர்ட், எப்படி டிஃபென்ஸ் ஆடுறான்னு கிளையண்ட் கேட்டாதான் தலைவலி, ஏன்னா அவன் வேலைய ஒழுங்கா செஞ்சா அங்க ஒண்ணுமே நடக்காது, நடக்காததுக்கு டேட்டாவுல வரியே கெடையாது.

புதுசா சேர்ற பசங்க மொதல்ல ஓடுறது ஃபேஸ்ஆஃப் சதவீதத்துக்கு, அதாவது பக்க (பந்துக்குப் பதிலா இருக்குற ரப்பர் தட்டு) ரெண்டு பேருக்கு நடுவுல போட்டு ஆட்டத்த தொடங்கும்போது எத்தன தடவ ஜெயிக்கிறான்னு. ஒருத்தன் ஒரு மேட்ச்ல 20 ஃபேஸ்ஆஃப் எடுக்குறான்னு வைங்க, 50 சதவீதம்னா 10 ஜெயிப்பான், 55ன்னா 11. அவ்வளவுதான் வித்தியாசம், இதுக்கா இவ்வளவு அலப்பறை? இவன் ஐஸ்ல இருக்கும்போது டீம் கோல் போட்டா பிளஸ், வாங்கினா மைனஸ்னு போடுற பிளஸ் மைனஸ் கணக்கு இன்னும் மோசம், கோலி (கோல்கீப்பர்) சொதப்பினாலும் மைனஸ் இவனுக்குத்தான், கடைசி நிமிஷத்துல கோலிய வெளிய எடுத்துட்டு காலியா விட்ட நெட்ல விழுற கோலும் அதுல சேர்ந்துடும்.

நான் நம்புறது எதிராளியோட எக்ஸ்பெக்டட் கோல்ங்கிற கணக்கத்தான். இவன் ஐஸ்ல இருக்கும்போது எதிராளி எடுத்த ஒவ்வொரு ஷாட்டும் எவ்வளவு தூரம், என்ன கோணம், என்ன மாதிரி ஷாட்னு பாத்து கோலாகுற வாய்ப்பு போடுறது. கோலியோட ராசி இதுல வராது. ஆனா அதையும் அப்படியே தூக்கி ரிப்போர்ட்ல போட்டுட முடியாது. லீட்ல இருக்குற டீம் பின்னாடி போய் நின்னுக்கும், எதிராளி சுட்டுத் தள்ளுவான், லீட காப்பாத்தத்தான் கோச் நல்ல டிஃபென்ஸ் சென்டர எறக்குவாரு, அப்ப நல்லவன் நம்பர்தான் நாறும். அதனால ஸ்கோர வெச்சு சரி பண்ணணும். சொந்த கோல் பக்கம் இருக்குற ஸோன்ல ஆரம்பிக்கிற ஷிஃப்ட் (ஒரு தடவ ஐஸ்ல எறங்கி ஆடுறது) ஜாஸ்தின்னு சாக்கு சொல்வாங்க, அது அவ்வளவு பெரிய விஷயமில்ல, பாதிக்கு மேல ஷிஃப்ட் ஆட்டம் ஓடிட்டிருக்கும்போதே மாறிக்கிறதுதான்.

பெரிய சிக்கல் கூட ஆடுறவன். பாஸ்டன் ப்ரூயின்ஸ் டீமோட சென்டரா இருந்த பட்ரிஸ் பெர்ஜெரான், டிஃபென்ஸ் நல்லா ஆடுற ஃபார்வர்டுக்குக் குடுக்குற செல்கி டிராபிய 6 தடவ வாங்குனவரு, கடைசி ரெண்டு 2022லயும் 2023லயும். பல வருஷம் அதே லைன்ல விங்ல ஆடுன பிராட் மார்ஷாண்ட் அவர விட்டுப் பிரியவே இல்ல. ரெண்டு பேரும் எப்பவும் ஒண்ணாவே எறங்கினா யாரோட புண்ணியம் எதுன்னு எப்படிப் பிரிக்கிறது? ரிட்ஜ் ரெக்ரஷன்னு ஒரு புள்ளிவிவர முறைய போட்டா ஐஸ்ல இருக்குற எல்லாரையும் ஒரே சமன்பாட்டுல வெச்சு பிரிக்கப் பாக்கும், ஆனா பிரிஞ்சே ஆடாதவங்க விஷயத்துல அது ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம்னு பங்கு வெச்சுட்டு கைய விரிச்சிடும்.

அப்புறம் வீடியோதான். எங்க டீம்ல சீனியர் ஒரு அக்கா, கோப்பி-ஓ (பால் இல்லாத காப்பி) இல்லாம கிளிப்ப தொறக்கவே மாட்டாங்க. ஒரு நாள் ஒரு கிளிப்ப நிறுத்தினாங்க: சென்டர் வேகமா பின்னாடி வந்து நெட்டுக்கு முன்னால நின்ன ஆளோட ஸ்டிக்க தன் ஸ்டிக்கால லேசா தூக்கிட்டான், மூலைல பக் வெச்சிருந்தவன் அங்க பாத்தான், பாஸ் குடுக்கல, நெட்ல இருந்து தூரமா இருக்குற புளூ லைனுக்கு திருப்பி விட்டுட்டான்.

"தம்பி, இத எந்தக் கட்டத்துல போடுவ?"

"போட எடமில்லக்கா."

"அப்ப ஷாட் கொறஞ்சிருக்கான்னு ரெண்டு மூணு சீசன் சேத்துப் பாரு, ஒரு சீசன வெச்சு அவன் தலையெழுத்த எழுதாத."

கிளையண்டுக்கு எப்பவும் ஒரே ஒரு நம்பர் வேணும். நாங்க குடுக்குறது இதுல இருந்து இதுக்குள்ளன்னு ஒரு ரேஞ்சும் கூடவே கொஞ்சம் கிளிப்பும். ரேஞ்ச் ரொம்ப அகலமா இருக்குன்னு மூஞ்சி தூக்குவாங்க, அகலமாத்தான் இருக்கும், அத சுருக்கிக் காட்டுறது ஒரு நிமிஷ வேலை, ஆனா அக்கா கையெழுத்துப் போட மாட்டாங்க.