ஓட்டப் புத்தகத்தில் ஐந்து சிவப்புப் புள்ளிகள்

பதினைந்து வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, முன்காலை வைத்து வலப்பக்கம் முன்னோக்கி அடிக்கும் கவர் ட்ரைவ் எனக்குக் கைவந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு முன்னால் அது அவ்வளவு அழகாக வந்தது. அடித்து முடித்ததும் இடது முழங்கையை உயர்த்தியபடி சிலைபோல் நிற்பேன். பந்து எங்கே போனது என்பதைவிட அந்த நிலையில்தான் எனக்கு அக்கறை.

அந்தப் பருவத்தில் எனக்கு எட்டு இனிங்ஸ் கிடைத்தன. முடிவில் எங்கள் பயிற்சியாளர் சேர் ஓட்டப் புத்தகத்தை விரித்துவைத்து, என் பெயருள்ள வரிகளில் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்தார். ஐந்து புள்ளிகள். ஐந்தும் மட்டையின் விளிம்பில் பட்டு விக்கெட் காப்பாளரிடமோ, அவருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நிற்பவரிடமோ கொடுத்த பிடிகள். “இவை என்ன அடி?” என்று கேட்டார். எல்லாம் கவர் ட்ரைவ் என்று சொல்ல எனக்கு வாய் திறக்கவில்லை.

ஓட்டக் கணக்கு எழுதும் எங்கள் கணக்காளன் படம் வரைவதில் பிரியன். ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் போட்டு, ஓட்டம் போன திசையெல்லாம் கோடிழுத்து வைத்திருப்பான். என் வட்டத்தில் கவர் திசையில் இரண்டே கோடுகள். லெக் பக்கம், அதாவது எனக்கு இடப்பக்கம், மட்டும் துடைப்பம் விரித்ததுபோல் இருந்தது.

சேரின் கணக்கு எளிமையானது. உன் வயதுப் பந்துவீச்சாளன் தவறினால் எப்படித் தவறுவான்? ஒன்று அளவு குறைந்து விழும், அல்லது காலுக்கு வரும். காலுக்கு எட்டத்தில் இருக்கும் ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே அழகாக நீண்டு வரும் பந்தை அவன் உனக்காகப் போட்டுக்கொண்டிருக்கமாட்டான். ஆகவே களத்தில் நிற்பதற்கு முன்கால் தடுப்பும் பந்தை விட்டுவிடுவதும். ஓட்டத்துக்கு, காலுக்கு வரும் பந்தைப் பின்னால் தட்டிவிடும் லெக் கிளான்ஸும், அளவு குறைந்த பந்தை லெக் பக்கம் இழுத்தடிக்கும் ‘புல்’ அடியும். பந்துவீச்சாளன் பக்கம் நேராக அடிக்கும் ஸ்ட்ரெயிட் ட்ரைவ் அந்தத் தடுப்பின் நீட்சிதான், தானாக வரும். கவர் ட்ரைவ் பிறகு. எப்போது என்று அவர் சொல்லவில்லை.

அளவு குறைந்து வெளியே வரும் பந்தை வெட்டியடிக்கும் கட் அடியையும் அவர் தள்ளிவைத்ததில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. பாய் விரித்த ஆடுகளத்தில் பந்து நன்றாக எழும்பும்; என்னைப்போன்ற குள்ளனுக்கு அது இயல்பான அடி.

தடுப்புக்கான பயிற்சி ஒரு பழைய காலுறையில் நடந்தது. அதற்குள் பந்தைப் போட்டு மரக்கிளையில் முழங்கால் உயரத்துக்குத் தொங்கவிடுவார். மேல் கை மட்டும் மட்டையை இறுகப் பிடிக்கவேண்டும். கீழ்க் கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் போதும். மட்டை நேராக வந்தால் பந்து போன கோட்டிலேயே திரும்பி வரும். சற்றுக் கோணினாலும் வட்டமடிக்கத் தொடங்கிவிடும். ஏமாற்ற முடியாது, சேர் முதுகைக் காட்டி நின்றாலும் கயிறு காட்டிக்கொடுத்துவிடும். முதல் மாலை எனக்கு வட்டம்தான். மூன்றாம் வாரம் ஒரே கோட்டில் பதினொரு முறை போய்வந்தது. எண்ணிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

பந்தை விடக் கற்றது அதைவிடக் கடினம். ஸ்டம்புகள் மூன்றும் சேர்ந்து ஒன்பது அங்குல அகலம். மட்டையோ நாலேகால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது. எதைக் காக்கிறோம் என்று தெரியாமல் எதை விடுவது? கண்களை மூடச்சொல்லி, “ஓஃப் ஸ்டம்ப் எங்கே?” என்பார். மட்டையால் பின்னால் தொட்டுக் காட்டவேண்டும். அணித்தலைவரே இரண்டு முறை காற்றைத் தொட்டார்.

2004 ஜனவரியில் சிட்னியில் சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 241 ஓட்டங்கள் எடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது சேரின் நினைவு வந்தது. அந்தத் தொடரில் ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே அடிக்கப்போய் ஆட்டமிழந்துகொண்டிருந்தவர், அந்த இனிங்ஸில் கவர் ட்ரைவையே பூட்டி வைத்துவிட்டார். அவருக்குச் சிவப்புப் புள்ளி வைத்தது யார் என்று தெரியவில்லை.

எனக்குப் பூட்டு திறந்தது பாடசாலையின் கடைசிப் போட்டியில். நாற்பதைக் கடந்திருந்தேன். எல்லைக்கோட்டில் நின்ற சேர் வலக்கையால் கவர் திசையைக் காட்டினார். அடுத்த பந்து நீண்டு வந்தது. முழங்கையை உயர்த்திச் சிலைபோல் நின்றேன். விளிம்பில் பட்ட பந்து ஸ்லிப்புக்கு மேலால் பறந்து நான்கு ஓட்டமாகியது. கணக்காளன் அதற்குக் கவர் பக்கமே கோடிழுத்திருந்தான். அவன் இந்த மலரை வாசிப்பான் என்று தெரியும். அந்தக் கோட்டுக்கு இன்னமும் நன்றி சொல்லவில்லை.