டேபைத் தொட்டது யார்?

வாக்ஸ் கணினிக் காலத்தில், ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய புரோகிராம் ஒன்றை லினக்ஸுக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. உத்திரங்களின் தாங்குதிறனைக் கணக்கிடுவது. கோப்பைத் திறந்ததும், யாரும் கேட்காமலேயே, டேப்களை (கீபோர்டின் Tab விசை போடும் இடைவெளிக் குறிகளை) எல்லாம் எட்டெட்டு ஸ்பேஸ்களாக மாற்றினேன். பார்க்கச் சுத்தமாக இருக்கட்டுமே என்றுதான்.

லினக்ஸில் ஃபோர்ட்ரானைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரான ஜிஃபோர்ட்ரான் சில வரிகளில் முரண்டு பிடித்தது. முந்தைய வரியின் தொடர்ச்சிகள் அவை. தொடர்ச்சியைக் காட்டும் எண்ணை, ஃபோர்ட்ரான் அதை எதிர்பார்க்கும் ஆறாவது எழுத்திடத்துக்கு நகர்த்தினேன். கம்பைல் ஆகிவிட்டது. ஆனால் ஒரு அட்டவணை மட்டும் பழைய அச்சுப்பிரதியைவிடக் கிட்டத்தட்ட கால் சதவீதம் குறைவாக வந்தது. வாக்ஸ் தசம எண்களைச் சேமிக்கும் முறையே வேறு, அதனால்தான் இப்படி என்று இரண்டு நாள் எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியில், ஓய்வுபெற்ற எங்கள் சீனியருக்கு ஃபோன் செய்தேன்.

"டேபைத் தொட்டீங்களா தம்பி?"

"சுத்தம் பண்ணினேன் சார்."

"அதான்."

ஃபோர்ட்ரான் 77 தரநிலை அனுமதிக்கும் எழுத்துகள் மொத்தம் 49. அதில் டேப் கிடையாது. ஆனால் வாக்ஸைத் தயாரித்த டெக் நிறுவனத்தின் கம்பைலர், வரித் தொடக்கத்தில் டேப் வந்தால், கட்டளை தொடங்கவேண்டிய ஏழாவது இடத்துக்கு நேராகத் தாவிவிடும். டேபை ஒட்டி 1 முதல் 9 வரை ஓர் எண் இருந்தால் அது தொடர்ச்சி வரி. என் எட்டு ஸ்பேஸோ வரியை ஒன்பதாவது இடத்தில் தொடங்கவைத்தது. இரண்டே இடம்தான் வித்தியாசம். ஆனால் 72ஆவது இடத்துக்கு அப்பால் என்ன இருந்தாலும் இந்தப் பழைய வடிவ ஃபோர்ட்ரான் படிக்காது. 80 இடங்கள் கொண்ட பஞ்ச் கார்டில், ஃபோர்ட்ரான் முதலில் ஓடிய ஐபிஎம் 704 கணினி படித்தது 72ஐத்தான்; கார்டின் ஒவ்வொரு கிடைவரிசைக்கும் 36 பிட் சொற்கள் (அந்தக் கணினி ஒரே தடவையில் கையாளும் அளவு) இரண்டு. மிச்ச எட்டில் கார்டின் வரிசை எண்ணைப் போட்டுக்கொள்வார்கள். கட்டு கைதவறி விழுந்தால் மறுபடி அடுக்க வேண்டுமே!

சரியாக 72இல் முடிந்திருந்த ஒரு வரியின் கடைசியில் 1.0625 என்ற பெருக்கி. என் கைங்கரியத்தில் அது 1.06 ஆகியிருந்தது. அதுவும் முறையான எண்தானே, கம்பைலர் எதற்கு வாயைத் திறக்கப்போகிறது? எல்லா எச்சரிக்கைகளையும் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். நான் கேட்கவில்லை.

அப்புறம் மூலக் கோப்பை, ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல், ஜிஃபோர்ட்ரானிடம் கொடுத்துப் பார்த்தேன். டெக்கின் டேப் பழக்கம் அதற்கும் தெரிந்திருந்தது. முதல் தடவையே கம்பைல் ஆனது.