சேனல் 16 இரைச்சலும் ஒரு பகலைத் தின்ற செட்டிங்கும்

மண்டபம் ஜெட்டியில் கட்டிக் கிடந்த விசைப்படகுகளில் வயர்லெஸ் செட்டின் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஸ்பீக்கரை அடைத்து வைக்கும் பூட்டு) தானாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சேனல் 16, அதாவது 156.800 மெகாஹெர்ட்ஸ். ஆபத்துக்குக் கூப்பிடும் சேனல், அப்படியே விட முடியாது. மீன்பிடித் தடைக்காலம் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை) என்பதால் படகெல்லாம் கரையில்தான். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் தாராளம். ஒரு பகலே போனது, எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் தப்பாக வைத்த செட்டிங்கால்.

முதல் தப்பு ஸ்வீப் டைம், அதாவது கருவி அலைவரிசைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு தடவை அலசும் நேரம். சென்டர் 156.8, ஸ்பான் (திரையில் தெரியும் மொத்த அகலம்) 10 மெகாஹெர்ட்ஸ், ஆர்பிடபிள்யூ (அலசும் ஃபில்டரின் அகலம்) 1 கிலோஹெர்ட்ஸ். ஆட்டோவில் விட்டால் ஒரு ஸ்வீப்புக்கு 25 விநாடி. (ஸ்பானை ஆர்பிடபிள்யூவின் வர்க்கத்தால் வகுத்து 2.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே கணக்குதான்.) கடற்கரை வெயிலில் அவ்வளவு நேரம் யார் நிற்பது என்று மேனுவலில் 1 விநாடி வைத்தாயிற்று. மூலையில் 'அன்கேல்' (அளவு நம்பத்தக்கதல்ல) என்று பொடி எழுத்தில் கருவி எச்சரித்ததும் அந்த வெளிச்சத்தில் கண்ணில் படவில்லை. ஃபில்டர் சிக்னலை முழுசாக வாங்கும் முன்பே ஸ்வீப் தாண்டிப் போய்விடும். இந்த வேகத்துக்கு உச்சி 6 டிபிக்கு (டெசிபல்) மேல் இறங்கும், அகலம் நாலு மடங்குக்கு மேல் பெருக்கும், போதாததற்கு வலப்பக்கமும் நகரும். காலையில் எழுதி வைத்த அளவெல்லாம் குப்பைக்கு.

ஸ்பானைச் சுருக்குவதுதான் வழி. 500 கிலோஹெர்ட்ஸ் ஸ்பான், 3 கிலோஹெர்ட்ஸ் ஆர்பிடபிள்யூ வைத்தால் ஸ்வீப் 0.14 விநாடிதான். கடல் விஎச்எஃப் சேனல்கள் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருப்பதால் தனித்தனியாகவும் பிரிந்து தெரியும். (ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக் கணக்குப் போடும் எஃப்எஃப்டி முறைக் கருவிக்கு இந்த 2.5 கணக்கு ஒத்துவராது, அதில் ஆட்டோவே போதும்.)

அடுத்து வந்தது ஒரு பேய் சிக்னல். செட்டில் ஒன்றும் கேட்கவில்லை, திரையில் மட்டும் 156.800-இல் முள் மாதிரி ஒன்று எழுந்து எழுந்து அடங்கியது. பக்கத்தில் ஒரு படகு சேனல் 12-இல் (156.600) பேசுகிறது, இன்னொன்று 14-இல் (156.700). 156.7-ஐ இரட்டித்து 156.6-ஐக் கழித்தால் வருவது 156.8. 25 வாட் செட் 20 மீட்டரில் பேசினால் ஆன்டெனாவுக்கு 0 டிபிஎம் (ஒரு மில்லிவாட்) பக்கம் வந்து சேரும். போதாததற்குச் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பும் ஆனில் இருந்தது. பிறகு சொல்லவா வேண்டும், அந்த இரண்டையும் கலந்து அனலைசரே உள்ளுக்குள் உண்டாக்கிய சிக்னல் அது.

சோதிக்கச் சுலபம். கருவியின் உள் அட்டனுவேஷனை (வரும் சிக்னலைத் தணிப்பது) 10 டிபி கூட்டுங்கள். நிஜ சிக்னல் திரையில் அதே உயரத்தில் நிற்கும், இரைச்சல் தளம் மட்டும் ஏறும். கருவி உண்டாக்கிய மூன்றாம் படிக் கலப்பு (மேலே பார்த்த, ஒன்றை இரட்டித்து இன்னொன்றைக் கழிக்கும் வகை) என்றால் 20 டிபி விழுந்துவிடும். ப்ரீஆம்பை அணைத்து 20 டிபி அட்டனுவேஷன் போட்டதும் பேய் போனது. இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே செய்திருக்க வேண்டும்.

நிஜமான இரைச்சல் முள்ளாக இல்லை, தளமே மேடாக வீங்கியிருந்தது. அதை வழவழப்பாகப் பார்க்க விபிடபிள்யூவை (திரைக்கோட்டைச் சமப்படுத்தும் ஃபில்டர்) 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கியது அடுத்த தப்பு. மேடு அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் இரைச்சல் துடிப்பாக வருகிறதா, சீராக வருகிறதா என்கிற துப்பு அதோடு அழிந்தது. துடிப்பைப் பிடிக்க விபிடபிள்யூ ஆர்பிடபிள்யூவுக்குக் குறையவே கூடாது, மூன்று மடங்கு வைத்தால் நல்லது.

"அண்ணே, பகல்ல பரவால்ல, ராத்திரிதான் ரொம்பக் கத்துது" என்று ஒரு படகு டிரைவர் சொன்னதை அப்போதே காதில் போட்டிருக்கலாம்.

பொழுது சாய்ந்தபின் ஜீரோ ஸ்பான், அதாவது ஒரே அலைவரிசையில் நின்று சிக்னல் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது. யாரும் பேசாத ஓர் அலைவரிசையில் ஆர்பிடபிள்யூ 30 கிலோஹெர்ட்ஸ், விபிடபிள்யூ 100 கிலோஹெர்ட்ஸ், பீக் டிடெக்டர், ஸ்வீப் 50 மில்லிவிநாடி. திரையில் ஐந்து கூம்புகள், ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிவிநாடி இடைவெளி. 50 ஹெர்ட்ஸ் கரண்டை ரெக்டிஃபை செய்தால் (டிசியாக மாற்றினால்) வருகிற 100 ஹெர்ட்ஸ் அது. படகு பேட்டரியின் டிசியில் நேராக ஓடுகிற எதுவும் இதைச் செய்யாது. கரையிலிருந்து வயர் இழுத்து மாட்டிய சாதனம் எதுவோ அதுதான்.

அப்புறம் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினோம். நாலாவது படகில், பெயர் ஒட்டாத ஒரு பேட்டரி சார்ஜரைப் பிடுங்கியதும் மேடு சரிந்தது. திறந்து பார்த்தால் இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் காயில் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துண்டு வயரை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். டிசி வயரை 43 வகை ஃபெரைட் வளையத்தில் ஐந்து சுற்று சுற்றியதில் கொஞ்சம் தணிந்தது. சார்ஜரை மாற்றிய பிறகுதான் ஸ்குவெல்ச் வாயை மூடியது.

ஆன்டெனா கேபிளின் 'என்' (N) வகைக் கனெக்டரையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் நடு முள் பச்சை பூத்திருந்தால் எந்த செட்டிங்கும் சரியான அளவு காட்டாது. அனலைசர் மாட்டியிருக்கும்போது பக்கத்தில் நம் ஆளே மைக்கை அழுத்திவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அனலைசரின் முன்முனை கருகினால் ரிப்பேர் செலவு சார்ஜர் விலையைப் போல எத்தனையோ மடங்கு.