ஐம்பதை நெருங்கும் மெக்கானிக்குக்கு

உழவு இயந்திரத்தின் வருத்தத்தைச் சத்தத்திலேயே பிடித்துவிடுகிற வன்னி மெக்கானிக்மார் பலருக்கு இப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது. கொம்பனி வேலைக்கு எழுதிப் போடச் சொன்னால், "இனி எங்களை ஆர் எடுக்கப்போறான்" என்கிறார்கள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்களை ஓடவைத்தவை இந்தக் கைகள்தான்.

முதலில் கண்ணைப் பாருங்கள். நாற்பது தாண்டினால் கண்வில்லை இறுகிக் கிட்டப் பார்வை மங்கும். மாசி பெர்குசன் 135 உழவு இயந்திரத்தின் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் என்ஜினுக்கு டப்பற் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் இடையில் விடும் இடம்) என்ஜின் குளிரில் 0.30 மி.மீ, சூட்டில் 0.25. இந்த இடைவெளியை அளக்கும் பீலர் கேஜ் தகட்டில் உள்ள எண் தெரியாமல் மெல்லிய தகட்டை எடுத்தால் வால்வு முழுதாக மூடாது. கொம்பிரஷன் விழும், காலையில் ஸ்டார்ட் எடுக்காது, நாள்போக வால்வு கருகும். கடையில் எடுத்த வாசிப்புக் கண்ணாடி 40 செ.மீ தூரத்துப் பத்திரிகைக்குத்தான் சரி. என்ஜினுக்கு மேல் குனிந்து நிற்கையில் தூரம் 50, 60 செ.மீ வரும். அதை டேப்பால் அளந்து கண் பரிசோதகரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ற பவரில் தருவார். வெல்டிங்காரர் ஹெல்மெட்டுக்குள் செருகும் உருப்பெருக்கி வில்லையைக் கேட்டு வாங்கலாம்.

கொம்பியூட்டர் எரிபொருளை அளந்து விடுகிற இன்ஜெக்ஷன் வாகனத்துக்குப் பயப்படாதீர்கள். அந்தக் கொம்பியூட்டரில் கோளாறு வாசிக்கும் ஸ்கானர் எந்த மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொல்லும், எந்தப் பாகம் என்று சொல்லாது. அதை நம்பிச் சென்சரை மாற்றிக் காசை இழக்கிறவர்கள் அதிகம். முதலில் மல்ரிமீற்றர். ஓய்வில் பற்றரி 12.6 வோல்ற் இருக்க வேண்டும். ஸ்டார்ட் அடிக்கையில் 9.6க்குக் கீழே இறங்கக்கூடாது. பற்றரி மைனசுக்கும் என்ஜின் உடலுக்கும் இடையில் அப்போது 0.5க்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை. வெள்ளத்துக்குள் ஓடிய வாகனமென்றால் பிளக்குகளைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

மிச்சம் கடதாசி. 2009 போர்க்கால இடப்பெயர்வில் சேட்டிபிக்கற் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். வகுப்புக்குப் போகாமலே, கைப்பழக்கத்தை வைத்து என்.வி.கியூ எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்று கேளுங்கள். மதிப்பீட்டாளர் வேலை செய்யவைத்துப் பார்ப்பார், கேள்வி கேட்பார். கை செய்வதை வாய் சொல்லவேண்டும்: ஏன் இந்த இடைவெளி, ஏன் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது. செய்த வேலைக்குச் சாட்சியும் வேண்டும். ஆகவே இன்றைக்கே ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த மட்டைக் கொப்பி) வாங்கித் திகதி, வாகனம், முறைப்பாடு, கண்ட கோளாறு, மாற்றிய பாகம் என்று எழுதத் தொடங்குங்கள். கழற்றும்போதும் பூட்டிய பிறகும் போனில் ஒவ்வொரு படம். சாமான் பில்லை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.