7 மெகாஹெர்ட்சுக்கு ஒற்றை 807

அமெச்சூர் ரேடியோவில் என் 5 வாட் மோர்ஸ் டிரான்ஸ்மிட்டர் மாலை நெரிசலில் எடுபடவில்லை. அதற்குத் துணையாக 40 மீட்டர் அலைவரிசைக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) மட்டும், 807 என்ற ஒற்றை வால்வில் (வெற்றிடக் குழாயில்) ஓர் ஆம்ப்ளிஃபையர் கட்டத் தொடங்கினேன். டிரான்சிஸ்டரில் செய்தால் எளிது என்றார்கள், உண்மைதான். ஆனால் வால்வு, சுமை மிஞ்சினால் ஆனோடு (எலக்ட்ரான்கள் வந்து சேரும் உள்தகடு) சிவந்து எச்சரிக்கும். டிரான்சிஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

பவர் சப்ளையில் புதுமை இல்லை. 430 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், டயோடு பிரிட்ஜ், வடிகட்டிய பின் ஏறத்தாழ 600 வோல்ட். அணைத்த பிறகு கண்டன்சர்கள் வடிய 50 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று குறுக்கே நிற்கிறது. ஆனாலும் மீட்டர் பூஜ்ஜியத்துக்கு வராமல் கையை உள்ளே விடுவதில்லை.

வேலையே பை நெட்வொர்க்கில்தான், அதாவது வால்வை ஆன்டெனாவோடு பொருத்தும், இரண்டு கண்டன்சரும் ஒரு சுருளும் கொண்ட சுற்றில். 600 வோல்ட், 100 மில்லிஆம்பியர், கிளாஸ் சி (அலையின் பாதிக்கும் குறைவான பகுதியில் மட்டும் வால்வு கடத்தும் முறை) என்றால் வால்வு கேட்கும் சுமை 3000 ஓம். அதை ஆன்டெனாவின் 50 ஓமுக்கு இறக்க வேண்டும். கியூ (சுற்றின் ஒத்ததிர்வுக் கூர்மை) 12 என்று வைத்துக் கணக்கிட்டதில் ஆனோடு பக்கம் 90 பிகோஃபாரட், ஆன்டெனா பக்கம் சுமார் 535, சுருள் 6.1 மைக்ரோஹென்றி. 40 மி.மீ. குழாயில் 5 செ.மீ. நீளத்துக்கு 16 சுற்று சுற்றினால் சுருள் முடிந்தது. பழைய ரேடியோ கேங் கண்டன்சரை ஆன்டெனா பக்கம் தாராளமாகப் போடலாம். 40 வாட்டில் அங்கே உச்சம் 63 வோல்ட்தான். ஆனோடு பக்கக் கண்டன்சரில் தகடுகளின் இடைவெளி அகலமாக இருந்தே ஆக வேண்டும்.

முதல் சோதனையில், டியூனிங்கைத் திருப்பும்போது ஓரிடத்தில் ஆனோடு மின்னோட்டம் துள்ளியது. வால்வு வி.எச்.எஃப். (30 மெகாஹெர்ட்சுக்கு மேலான) அதிர்வெண்ணில் தானாக அலைவுறத் தொடங்கியிருந்தது. வால்வின் உச்சியில் உள்ள ஆனோடு முனையான தலைத் தொப்பிக்குப் போகும் கம்பியில் 100 ஓம் கார்பன் ரெசிஸ்டரை வைத்து, அதன் மேலேயே 5 சுற்று செம்புக் கம்பியைச் சுற்றினேன், அடங்கிவிட்டது. வயர்வவுண்டு ரெசிஸ்டர் இதற்கு உதவாது, அதுவே ஒரு சுருள்.

1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர்கள் இருபதைப் பக்க இணைப்பில் கோத்தால் 50 ஓம் டம்மி லோடு, ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் சுமை. அதில் டயோடு வைத்து அளந்த உச்சம் 61 வோல்ட். அதாவது 37 வாட். ஒற்றை 807-க்கு இது நல்ல கணக்கு.

ஆன்டெனா முனையிலிருந்து சேசிஸுக்கு 2.5 மில்லிஹென்றி சோக் (நேர்மின்சாரத்தை விட்டு ரேடியோ அலையைத் தடுக்கும் சுருள்) ஒன்றும் உண்டு. ஆனோடின் உயர் வோல்ட்டை ஆன்டெனா பக்கம் போகாமல் தடுக்கும் தடுப்புக் கண்டன்சர் ஷார்ட் ஆனால் 600 வோல்ட் ஆன்டெனாவுக்கு ஏறாது, பியூஸ்தான் போகும். இரண்டாவது 807 சேர்த்தால் சுமை பாதியாகும், சுருளை 3.2 மைக்ரோஹென்றிக்கு மறுபடி சுற்ற வேண்டும்.