ஒரு மில்லில் ஒரு ஃபீல்டு இல்லை, 38 மில்லும் நின்றது

நெல் அரவை மில்களுக்கான மென்பொருள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் 38 மில். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கீமா (டேபிள்களின் தனித் தொகுப்பு), எல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ் சர்வரில். அறிக்கைகளுக்கும் ஆபத்துக்கு உதவவும் இன்னொரு சர்வரில் லாஜிக்கல் ரெப்ளிகேஷன்: மூல சர்வரில் நடக்கும் பதிவு மாற்றங்கள் நகல் சர்வருக்கும் போகும். பப்ளிகேஷன் (எதை அனுப்புவது என்று மூலத்தில் சொல்வது), சப்ஸ்கிரிப்ஷன் (அதை நகல் வாங்குவது) எல்லாம் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். வினை அதற்குப் பிறகுதான்.

தை மாதம், சம்பா அறுவடை உச்சம். கொள்முதல் சீட்டில் 'ஈரப்பதம்' என்று ஒரு ஃபீல்டு சேர்க்க வேண்டியிருந்தது. டேபிள் அமைப்பு மாற்றத்தை லாஜிக்கல் ரெப்ளிகேஷன் கடத்தாது; முதலில் நகலில், பிறகு மூலத்தில் என்று நாமே செய்ய வேண்டும். அந்த வரிசையில்தான் செய்தோம். ஆனால் நகலில் ஒரு ஸ்கீமாவை ஏதோ ஓர் அறிக்கை பூட்டி வைத்திருந்ததில் ஸ்கிரிப்ட் லாக் டைம்அவுட் ஆகி அதைத் தாண்டிப் போய்விட்டது. கடைசி வரியில் 'முடிந்தது' என்று அச்சிட்டது வேறு.

அந்த மில்லில் முதல் மூட்டை எடை போட்டதும் நகலில் பிழை. 38 மில்லுக்கும் ஒரே சப்ஸ்கிரிப்ஷன். கமிட் ஆன வரிசையில்தான் மாற்றங்கள் போகும். மற்ற 37 மில்லின் பதிவுகளும் பின்னால் தேங்கின. நகல் நின்றதுகூடப் பெரிதில்லை. நகல் வாங்காத வால் கோப்புகளை (WAL, மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவு; பேருக்கேற்ப நீண்டுகொண்டே போகும், ஒவ்வொன்றும் 16 எம்பி) ஸ்லாட், அதாவது நகல் எதுவரை வாங்கியது என்று மூலம் வைத்திருக்கும் குறிப்பு, மூல சர்வரில் பிடித்து வைக்கும். கடைமடையில் மதகை அடைத்தால் மேலே கரை உடைகிற மாதிரிதான். இரண்டாம் நாள் இரவு மூல சர்வரின் டிஸ்க் நிரம்பி, எடைச் சீட்டு வராமல் லாரிகள் வரிசையில் நின்றன.

கிளவுட் உதவி மையத்தில் டிக்கெட் போட்டதற்கு ஆறு மணி நேரம் கழித்து வந்த பதில்: "சேமிப்பிடத்தைக் கூட்டவும்." வாட்ஸ்அப்பில் வந்த யோசனை இன்னும் மோசம், வால் ஃபோல்டரில் பழையதை அழிக்கச் சொன்னது. அதை மட்டும் செய்யாதீர்கள். அது சும்மா கிடக்கும் லாக் ஃபைல் இல்லை, சர்வர் மறுபடி எழுந்திருக்கத் தேவையான பதிவு. அதே டிஸ்கில் கிடந்த பழைய டம்ப்களை (பேக்கப் கோப்புகளை) அழித்து எழுப்பினோம். இப்போது 2 ஜிபி வெற்றுக் கோப்பு ஒன்றை வேண்டுமென்றே போட்டு வைத்திருக்கிறோம், அவசரத்துக்கு அழிக்க.

இன்னும் உறுத்துவது அடுத்த தப்புதான். பதற்றத்தில் ஸ்லாட்டை நீக்கிவிட்டு 38 மில்லையும் விடிய விடிய முதலிலிருந்து நகலெடுத்தோம். விடுபட்ட ஃபீல்டை நகலில் சேர்த்திருந்தாலே தேங்கியதெல்லாம் தானாக வடிந்திருக்கும்.

ஸ்லாட் எவ்வளவு வால் பிடித்து வைக்கலாம் என்பதற்கு 'மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்' என்ற வரம்பு பதிப்பு 13-இலிருந்து இருக்கிறது. இயல்பு மதிப்பு -1, அதாவது எல்லையே இல்லை. 100 ஜிபி டிஸ்கில் 30 ஜிபி வைத்தோம். மீறினால் ஸ்லாட் செல்லாது, நகலை மறுபடி எடுக்க வேண்டும். ஆனால் மூலம் பிழைக்கும்.

சப்ஸ்கிரிப்ஷனையும் ஐந்தாகப் பிரித்தோம். ஐந்தாவது கிளம்பவே இல்லை. நகலில் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் வொர்க்கர்கள் (மாற்றங்களை வாங்கி எழுதும் பிராசஸ்கள்) இயல்பாக 4 மட்டுமே. முதல் நகலெடுப்புக்குத் தேவையானதும் அதிலிருந்துதான் போகும். அதைக் கூட்டினால் 'மேக்ஸ் வொர்க்கர் பிராசஸஸ்' (இயல்பு 8) என்பதையும் கூட்டி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

புதிய மில் சேரும்போது பப்ளிகேஷனில் ஸ்கீமாவைச் சேர்த்து, நகலில் டேபிள்களை உருவாக்கி, 'ரிஃப்ரெஷ் பப்ளிகேஷன்' கொடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் படி விட்டுப்போனால் பிழையே வராது, அந்த மில்லின் பதிவுகள் வராது, அவ்வளவுதான். சீக்வென்ஸ்களும் (புதிய பதிவுக்கு அடுத்த எண்ணைத் தருபவை) கடத்தப்படுவதில்லை, நகலுக்கு மாறும் நாளில் ஸ்கீமாவுக்கு ஸ்கீமா எண்ணை முன்னே தள்ளாவிட்டால் பழைய எண்ணே திரும்பி வந்து மோதும்.

சரிபார்க்க வரிசைகளை எண்ணினால் போதாது. மில் வாரியாக, நாள் வாரியாக மொத்த எடையைக் கூட்டி ஒப்பிடுங்கள். ஒரு மில்லில் எண்ணிக்கை சரி, எடையில் 40 கிலோ குறைவு. நகல் சர்வர் எழுதவும் இடம் கொடுக்கும். அறிக்கை பார்க்க வந்த ஒருவர் ஒரு மூட்டையை அங்கேயே திருத்தியிருந்தார். அந்த லாகினுக்கு இப்போது படிக்க மட்டுமே அனுமதி.